நாலடி கேட்ட டக்ட்

நான் ஒரு ஏசி டக்ட்; குளிர்காற்று ஓடும் நீளமான தகரப் பெட்டி. இன்னும் கட்டி முடிக்காத ஓர் ஆஸ்பத்திரியில், வராந்தா சீலிங்குக்கு மேலே எனக்கு இடம். அப்போதைக்கு எல்லாருமே கம்ப்யூட்டரில் வரைந்த கட்டடப் படத்துக்குள்தான் இருந்தோம்.

"உங்களுக்கு எவ்வளவு உயரம் வேணும்?" என்று கம்ப்யூட்டர் கேட்டது.

எனக்கு இரண்டடி போதும். ஆனால் நாலு கேட்டால்தானே இரண்டடியாவது தேறும்? "நாலடி! ஒரு அங்குலம் குறைஞ்சாலும் நடக்கறதே வேற!" என்று கத்தினேன்.

"சரி" என்றது அது.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வாதாடாமல் கொடுப்பதெல்லாம் ஒரு பழக்கமா? ஆறு கேட்டிருக்கலாமே என்று வயிறு எரிந்தது. பக்கத்தில் நின்ற தண்ணீர்க் குழாயின் காதைக் கடித்தேன். "இந்தக் கம்ப்யூட்டர் சரியான இளிச்சவாய், தம்பி. கூட்டிக் கேளு."

ஓரடி போதுமான அவனும் மூன்றடி வாங்கிக்கொண்டான்.

பிறகு கம்ப்யூட்டர் எங்களை ஒன்றாகச் சேர்த்துக் காட்டியது. சீலிங் அவ்வளவு தாழ இறங்கிவிட்டதால், எங்களுக்குக் கீழே படத்திலிருந்த டாக்டர் ஒருவர் வராந்தாவில் தவழ்ந்து போனார்.

"இடம் பத்தாது. ஏசியை எடுத்துட்டு ஃபேன் மாட்டிடலாம்" என்றது கம்ப்யூட்டர்.

"அண்ணே, உண்மையைச் சொல்லித் தொலைங்க!" என்று குழாய் அலறினான்.

வாழ்க்கையில் முதல்முறையாக, எடுத்த எடுப்பிலேயே உண்மையைச் சொன்னேன். "இரண்டு."

"எனக்கு ஒண்ணு" என்றான் குழாய்.

"சரி" என்றது அது. டாக்டர் எழுந்து நிமிர்ந்து நடந்தார்.

பிழைத்துவிட்டேன். ஆனாலும் மனசு ஆறவில்லை. "ஒண்ணே முக்காலுக்கு வாங்களேன் அண்ணே" என்று அந்தப் பாவிக் கம்ப்யூட்டர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், நன்றாகத் திட்டிவிட்டு, சந்தோஷமாக ஒன்றரைக்கே இறங்கியிருப்பேன்.