சட்டைப்பை நோட்டு

"நேத்தும் ரெண்டு கோடு போட்டான்டி!"

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில், சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே பொரிந்து தள்ளினாள் அக்கா.

கல்லாவில் உட்காரும் பெண் களுக்கென்று சிரித்தாள். "யாரு, நம்ம முந்திரிக்கொட்டையா?"

மேனேஜருக்கு அவள் வைத்த பெயர் அது. எந்தப் பேச்சானாலும் முந்திக்கொண்டு வந்து நிற்பாராம். அவர் காதில் விழாதவரை நல்ல பெயர்தான்.

அக்காவுக்கு நாற்பத்தைந்து வயது. மேனேஜர் அவளைவிடப் பத்து வயது சின்னவர். அவரும் 'அக்கா' என்றுதான் கூப்பிடுவார். பிள்ளைகளெல்லாம் வளர்ந்த பிறகு அவள் சேர்ந்த முதல் வேலை இது. மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள். அந்த மூன்று மாதம் நாளையோடு முடிகிறது.

அவள் சேர்ந்த வாரம்தான் மேனேஜர் 'ஆட்களை வளர்ப்பது எப்படி' என்று ஏதோ பயிற்சி வகுப்புக்குப் போய் வந்தார். திரும்பும்போது சட்டைப்பையில் ஒரு குட்டி நோட்டோடு வந்தார். அன்றைக்குப் பிடித்தது சனி.

"வர்றவங்ககிட்ட பேசும்போது நான் கொஞ்சம் தடுமாறினா போதும். பாய்ஞ்சு வந்து பதிலைச் சொல்லிட்டு, திரும்பி நின்னு ஒரு கோடு. ஆளை வளர்க்கிற லட்சணத்தைப் பாரு!"

"முதல்ல ஒரு நாளைக்குப் பதினஞ்சு கோடுன்னு சொன்னீங்க. இப்ப ரெண்டுதானேக்கா?"

"ரெண்டா இருந்தா என்ன, இருபதா இருந்தா என்ன? தப்பு பண்ணினா முகத்துக்கு நேரா சொல்லணும். நாளைக்கு அந்த நோட்டை நீட்டி, 'நீங்க கிளம்புங்கக்கா'ன்னு சொல்லப்போறான், பாரு."

சொல்லிவிட்டு டப்பாவைத் திறந்தாள். 'இந்த வயசுல உனக்கெதுக்கு வேலை' என்று வீட்டில் கேட்காத ஆள் இல்லை. அவர்கள் முன்னால் எந்த முகத்தோடு போய் நிற்பது?

சாப்பாடு இறங்கவில்லை. பாதியிலேயே மூடி வைத்துவிட்டு எழுந்தாள்.

நாலு மணிக்கு ஒரு பெரியவர் கடைக்குள் புயலாக நுழைந்தார். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"என்னம்மா கண்ணாடி இது? தூரத்துல இருக்கறது நல்லாத் தெரியுது. பேப்பர் படிக்கணும்னா மட்டும் மோட்டுவளையைப் பார்க்க வேண்டியிருக்கு. எனக்கு வேண்டாம், நீங்களே வெச்சுக்குங்க!"

அக்கா பக்கத்தில் நின்ற மேனேஜரைப் பார்த்தாள்.

அவர் வாயைத் திறந்தார். என்ன நினைத்தாரோ, மூடிக்கொண்டார். சட்டைப்பையை ஒரு கையால் அழுத்திப் பிடித்தபடி கல்லு மாதிரி நின்றார்.

'அடப்பாவி! வேலைக்கே உலை வைக்கிற நேரத்துல வேடிக்கையா பார்க்கிறே?' அக்காவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஐயா, கோவிச்சுக்காம ஒரு நிமிஷம் உக்காருங்க. வீட்டுல எப்படிப் படிப்பீங்களோ, அப்படியே படிச்சுக் காட்டுங்க."

பெரியவர் முணுமுணுத்துக்கொண்டே கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேசைமேல் கிடந்த பேப்பரை விரித்தார். குனிந்த உடனே கண்ணாடி சர்ரென்று மூக்கின் நடுவுக்கு இறங்கியது. அவர் முகவாயைத் தூக்கினார்.

அக்காவுக்குச் சட்டென்று பிடிபட்டது.

"ஐயா, படிக்கிற பவர் இதுல கீழ்ப்பாதியில இருக்கு. கண்ணாடியே கீழ இறங்கிட்டா, உங்க கன்னந்தான் பேப்பர் படிக்கும்!"

பெரியவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. மூக்கில் பதியும் ரப்பர் துண்டுகள் இரண்டையும் அக்கா குறடால் மெல்ல நெருக்கி, மறுபடி மாட்டிவிட்டாள்.

பெரியவர் குனிந்தார். கண்ணாடி அசையவில்லை. ஒரு பத்தி முழுக்கச் சத்தமாகப் படித்தார். அடுத்த பத்தியையும் படித்தார். கேட்க ஆளிருந்தால் பேப்பரையே முடித்திருப்பார்.

"கெட்டிக்காரிம்மா நீ!" என்று வாயாரச் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் படியிறங்கியதுதான் தாமதம், மேனேஜர் நோட்டை வெளியே எடுத்தார். பேனாவால் என்னவோ வேகமாக எழுதினார்.

அக்காவுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை.

"நில்லுங்க சார். இதுலயும் ஒரு தப்பைக் கண்டுபிடிச்சுட்டீங்களா? நாளைக்குப் போகச் சொல்றதா இருந்தா இப்பவே சொல்லிடுங்க. பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பிடறேன்."

கண் நிறைந்துவிட்டது. கல்லாப் பெண் எழுந்து வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

மேனேஜர் திருதிருவென்று விழித்தார்.

"போகச் சொல்றதா? உங்களையா? நீங்க நிரந்தரம்னு நேத்தே லெட்டர்ல கையெழுத்துப் போட்டுட்டேனேக்கா!"

"அப்ப மூணு மாசமா கிழிச்ச கோடெல்லாம்?"

"ஐயோ, அது உங்களைப் பத்தி இல்லைக்கா. எனக்கு நானே குடுத்துக்கிட்ட பயிற்சி."

காது சிவக்க நோட்டை நீட்டினார். அக்கா பக்கம் பக்கமாகப் புரட்டினாள். முதல் நாள் பதினைந்து கோடு. அப்புறம் பன்னிரண்டு, எட்டு, ஐந்து. நேற்று இரண்டு. இன்றைய தேதிக்கு நேராக மை காயாமல் பெரிய பூஜ்யம் ஒன்று, பக்கத்தில் பள்ளிக்கூட வாத்தியார் போடுவதுபோல 'சபாஷ்' வேறு.

கல்லாப் பெண் எட்டிப் பார்த்து முதல் பக்கத்தைத் திருப்பினாள். நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

முத்து முத்தான கையெழுத்தில் எழுதியிருந்தது:

'அக்காவை யோசிக்க விடாமல், முந்திரிக்கொட்டை இன்று எத்தனை தடவை குறுக்கே விழுந்தது?'