அவிழ்க்காத கயிறு

படகு கட்டியிருந்த கயிற்றைப் பிடித்தபடி நின்றாள். அவிழ்க்கவில்லை.

கரைப் பாதையில் சைக்கிள் மணி கேட்டது.

கால்வாய் அலுவலகத்துப் பெண் இல்லை. வேலைக்குப் பிந்திய யாரோ.

இரண்டு வாரத்துக்கு மேல் ஒரே கரையில் நிற்கக் கூடாது. நிரந்தரமாகக் கட்டுவதற்கு இடம் இல்லாத படகுகளுக்கு லண்டன் கால்வாயில் அதுதான் விதி. அலுவலகத்துப் பெண் சைக்கிளில் வருவாள். படகின் இலக்கத்தைக் கையிலிருக்கும் கருவியில் குத்துவாள், போவாள். முதலில் எச்சரிக்கை வரும். பிறகு லைசென்ஸ் போகும். லைசென்ஸ் போனால் படகு போகும். படகு போனால் வீடு போகும், ஏனென்றால் படகுதான் வீடு.

இரண்டு வாரம் நேற்றோடு முடிந்துவிட்டது.

முன்னால் நின்ற பச்சைப் படகு போய்விட்டது. பின்னால் நின்றதும் போய்விட்டது. நீளக் கரையில் இவளுடையது மட்டும், யார் கண்ணையும் உறுத்துகிற மாதிரி நின்றது.

ஓட்டத் தெரியாது என்றில்லை. இயந்திரம் ஒரே திருப்பில் பிடிக்கும். அடுத்த பாலத்தைத் தாண்டிவிட்டால் போதும். தேநீர் ஆறுவதற்குள் முடிகிற வேலை.

ஆனால் உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

விளக்குக்குப் பின்னால் கணவருடைய படம். பக்கத்தில் செம்பில் தண்ணீர். ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை. கால்வாயில் யாருக்கும் தெரியாது. அன்று ஏற்றிய விளக்கு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு செய்து அவரை வழியனுப்பும்வரை அணையக் கூடாது. அதுவரைக்கும் மனிதர் வீட்டில்தான் இருப்பார். வெளியே போனாலும் திரும்பி வருவார்.

விளக்கை இடம் மாற்றலாமா என்று ஐயரைத் தொலைபேசியில் கேட்டிருந்தாள்.

"வைச்ச இடத்திலையிருந்து அசைக்கப்பிடாது அம்மா. அவர் தேடி வாற இடமெல்லோ."

வீடே அசையும் என்று ஐயரிடம் அவள் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது? ஒரு முழ வேலிக்காகத் தலைமுறை தலைமுறையாய்க் கோர்ட்டுக்கு அலைந்த சனத்துக்கு, காணியே இல்லாத வீட்டை எப்படி விளங்கப்படுத்துவது?

அவருக்கே உயிரோடு இருக்கும்போது அது விளங்கவில்லை. பஸ் ஓட்டின மனிதர். லண்டன் முழுக்க வழி தெரியும், சொந்த வீட்டுக்குத் தெரியாது. வாடகை கட்டி மாளாமல் இந்தப் படகை வாங்கிய புதிதில், ஒருநாள் இவள் தனியாகவே அதை நகர்த்திக் கட்டினாள். காலையில் சொல்லியும் அனுப்பியிருந்தாள். மனிதர் பால் போத்தலும் முருங்கைக்காய்க் கட்டுமாகப் பழைய கரைக்கே போய் நின்றுகொண்டு போன் எடுத்தார்.

"எடியப்பா, வீட்டைக் காணேல்லை! களவெடுத்துப் போட்டாங்கள்!"

அன்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

அன்று அவரிடம் போன் இருந்தது.

இனி வந்து, வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றால்? யாரைக் கேட்பார்? நினைக்கவே அவளுக்கு அழுகை வந்தது.

கயிற்றை விட்டாள்.

பின்னால் ஒரு சைக்கிள் வந்து நின்றது. நீல ஜாக்கெட். இந்தமுறை அவளேதான்.

இலக்கத்தைக் குத்தினாள். கருவியைப் பார்த்து, குகபாலன் என்ற பெயரைப் பல்லில் சிக்கவைத்து வாசித்தாள். லைசென்ஸ்காரர் இருக்கிறாரா என்று கேட்டாள்.

லைசென்ஸ் அவர் பெயரில். ஆள் இல்லையென்றால் லைசென்ஸும் இல்லை என்றுதான் இவள் நினைத்திருந்தாள். சரிதானா என்று விசாரிக்கவும் பயம். விசாரித்தால் தெரிந்துவிடுமே.

பொய் சொல்ல வேண்டும். விளக்கு எரிகிற வீட்டு வாசலில் நின்றுகொண்டு பொய் சொல்ல நா எழவில்லை.

"உள்ளே இருக்கிறார்" என்றாள் ஆங்கிலத்தில்.

சொன்ன பிறகுதான், அது பொய்யில்லை என்று அவளுக்கு உறைத்தது.

அந்தப் பெண் குனிந்து யன்னல் வழியாகப் பார்த்தாள். திரைக்குப் பின்னால் மங்கலாக ஒரு வெளிச்சம். சட்டென்று குரலைத் தாழ்த்தினாள்.

சுகமில்லையா?

இவள் தலையசைத்தாள்.

எழும்பி நடமாட மாட்டாரா?

மாட்டார்.

சொல்லியிருக்கலாமே, என்றாள் அந்தப் பெண். வருத்தக்காரர் உள்ள படகை யாரும் துரத்தப் போவதில்லை. லைசென்ஸ்காரர் உள்ளே இருக்கிறார், சுகமில்லை என்று குறித்துக்கொள்கிறேன். அவருக்குத் தேறும்வரை இங்கேயே நில்லுங்கள், இடையில் வந்து பார்க்கிறேன். கருவியில் எதையோ குத்தினாள். எழுப்பிவிடாதீர்கள் என்று உதட்டில் விரலை வைத்துக் காட்டிவிட்டு, சைக்கிளைச் சத்தமில்லாமல் தள்ளிக்கொண்டே போனாள்.

நல்ல பிள்ளை.

உள்ளே போய் விளக்கின் முன்னால் உட்கார்ந்தாள். சிரிப்பு வந்தது. அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பார், நீ பலே கள்ளி என்றிருப்பார்.

சிரிப்பு பாதியில் நின்றது.

அந்தியேட்டி முடிந்தால் அவர் உள்ளே இருக்க மாட்டார். அதற்குப் பிறகும் அந்தப் பெண் வருவாள். கேட்பாள்.

ஐயருக்குப் போன் எடுத்தாள்.

"ஐயா, அந்தியேட்டியைக் கொஞ்சம் தள்ளி வைக்கேலுமோ?"

"தள்ளி வைக்கிறதோ? எவ்வளவு நாளைக்கு அம்மா?"

அவள் யன்னலைப் பார்த்தாள். கண்ணாடியின் மூலையில், அவர் கையால் ஒட்டிய லைசென்ஸ். முடிகிற மாதம் கொட்டை எழுத்தில் இருந்தது.

"பங்குனி வரைக்கும்."