பெல் வயர்

“அந்த வயர்ல மட்டும் கை வைக்காதீங்க. அது எங்கப்பாவோட பெல்.”

மாடி அறையில் ஸ்டூல் மேல் நின்றிருந்த கேபிள்காரர் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

“கீழே அப்பா தனியா இருக்கார். முட்டிவலி, படியேற முடியாது. ஒரு அழுத்து அழுத்தினார்னா, போட்டது போட்டபடி ஓடிப் போய் நிப்பேன். பெல் வச்சு மூணு வருஷமாச்சு, ஒரு தடவைகூட அவர் அடிச்சதில்லை. அவ்வளவு குறையில்லாமப் பார்த்துக்கறேன்.”

கேபிள்காரருக்கு மனசு இளகிவிட்டது. இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு பிள்ளையா!

அவர் சாதாரணப் பிள்ளையும் இல்லை. தினமும் மாலை ஆறு மணிக்கு நெட்டில் நேரலையாகப் பேசுகிறவர். பெற்றவர்களை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் பேச்சு. ஆயிரக்கணக்கில் கேட்கிறார்கள், கேட்டுவிட்டு அழுகிறவர்களும் உண்டு.

மாடி அறைக்குப் பலகை அடித்துப் புதுப்பித்ததிலிருந்துதான் சோதனை. மோடம் கீழே அப்பா அறையில். வை-ஃபை மாடி ஏறி வருவதற்குள் அதற்கும் முட்டிவலி வந்துவிடுகிறது. உருக்கமான இடமாகப் பார்த்து, அவர் வாயைத் திறந்தபடி படம் நின்றுபோகிறது.

“சுவத்துல ஓட்டை போட்டு இழுத்துடலாமா சார்?”

“பெயின்ட் அடிச்சு பத்து நாள்தான் ஆகுது!”

“வெளிப்பக்கமா?”

“வீட்டு முகப்பே அசிங்கமாயிடும்.”

“அப்போ இந்த பெல் வயர் போற குழாய் ஒண்ணுதான் வழி. ரெண்டு வயர் இதுக்குள்ள போகாது. பெல் வயரோட முனையில கேபிளைக் கட்டி, கீழேயிருந்து மேலே இழுத்தா வந்துடும். ஆனா பெல் போயிடும்.”

பிள்ளை கண்ணை மூடி யோசித்தார். முடியாது என்றுதான் சொல்லப்போகிறார் என்று கேபிள்காரர் ஸ்டூலை விட்டு இறங்கிவிட்டார்.

“வயர் போனாப் போகட்டும். பெல் மட்டும் சுவத்துல அப்படியே இருக்கட்டும். அதைக் காட்டித்தான் பேச்சை முடிப்பேன்.”

சொல்லிவிட்டுக் கண்ணாடி முன்னால் போய் நின்று, அன்றையப் பேச்சை ஒத்திகை பார்க்க ஆரம்பித்தார். கண்கலங்கும் இடத்தை மட்டும் மூன்று தடவை.

கேபிள்காரர் பெல்லைக் கழற்றினார். உள்ளே வயரை ஒட்ட நறுக்கி, முனையில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. டேப் மேல் வருஷக்கணக்கில் படிந்த தூசி.

அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடப்பாவி, அந்த மனுஷன் அடிக்கலையா, இல்லை அடிச்சது உன் காதுக்கு வராமப் பார்த்துக்கிட்டியா?

வெளிப்படியில் தடதடவென்று இறங்கினார். இதைப் பெரியவரிடம் போட்டு உடைக்காமல் இன்றைக்கு வீடு திரும்புவதில்லை.

பெரியவர் மடியில் போனை வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தலைமாட்டுச் சுவரில் பெல் சுவிட்ச்.

“ஐயா, உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும். இந்த பெல்லு வந்து...”

“மேல டேப்பு பிரியாம இருக்கா தம்பி?”

கேபிள்காரருக்குத் தூக்கிவாரிப்போட்டது.

“முப்பது வருஷம் டெலிபோன்ல லைன்மேனா இருந்தவன்ப்பா நான். வயர் அறுந்ததா, அறுத்ததான்னு தெரியாதா? முதல் வாரமே டெஸ்டர் வச்சுப் பார்த்துட்டேன்.”

“அப்புறம் ஏன் அவரைக் கேட்கலை?”

“கேட்டா வயரைத் திரும்ப மாட்டிவிட்டுடுவான். இப்போ, பெல் அடிக்கலை, அதான் வரலைன்னு மனசைத் தேத்திக்கறேன். அடிச்சும் வரலைன்னா நான் என்ன பண்றது?”

கேபிள்காரர் ஸ்க்ரூ டிரைவரைப் பையில் போட்டார்.

“இந்த வயரை நான் இழுக்கமாட்டேன் ஐயா. மேலே ஜாயின்ட் பண்ணி பெல்லை அடிக்க வச்சுட்டுத்தான் போவேன். அவர் பேச்சு நின்னா நிக்கட்டும்!”

பெரியவர் பதறிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஐயையோ, அப்படிச் செஞ்சுடாதே! உங்க ஆபீசுக்கு போன் பண்ணி உன்னை வரவழைச்சதே நான்தான். பத்து நாளா அவனைச் சரியாப் பார்க்கவே முடியலை. ஆறு மணிக்குள்ள எப்படியாவது லைன் குடுத்துடு தம்பி.”

கேபிள்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் அந்தக் கையை உதறிவிட்டுப் போக முடியவில்லை.

ஐந்தரை மணிக்கெல்லாம் பழைய வயர் மாடிக்குப் போய்ச் சேர்ந்தது, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு புதுக் கேபிளும். பெல்லைப் பழையபடி சுவரில் மாட்டி, இரண்டு பக்கமும் பிளக் போட்டு, கடைசியாகக் கீழே மோடத்தில் செருகி நிமிர்ந்தபோது மணி ஆறு.

பெரியவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, போனில் ஓர் அழுத்து அழுத்தினார். திரையில் பிள்ளை வந்தார். இந்தத் தடவை படம் நிற்கவில்லை. பின்னால் சுவரில் பெல் பளபளவென்று இருந்தது.

“எங்கப்பா ஒரு அழுத்து அழுத்தினாப் போதும், நான்...” பிள்ளைக்குக் குரல் தழுதழுத்தது.

பெரியவர் அந்த முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“அவன் சொல்றது நிஜம்தான் தம்பி. அந்த சுவிட்சை அழுத்தினாத்தான் வரமாட்டான். இதை அழுத்தினா டாண்ணு வந்து நின்னுடறான்.”