சார்ட்டில் வராத படகு

"பூஜ்யம்! கப்பலைக் கொண்டுபோய் மணல் திட்டுல ஏத்தி வச்சிருக்கியே, வெட்கமா இல்ல?"

கேப்டன் போட்ட சத்தத்தில் சிமுலேட்டர் அறையே கப்சிப். தலை நரைக்கும்வரை நிஜக் கப்பல் ஓட்டியவர். இப்போது கடல்சார் கல்லூரியில் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் கப்பல் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறார்.

எதிரே நின்றவனுக்கு வகுப்பு வைத்த பெயர் ஜன்னல். மற்ற பிள்ளைகள் நடுவில் இருக்கும் எலக்ட்ரானிக் சார்ட்டை, அதாவது கடல் வரைபடத்தை, விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார்கள். இவன் மட்டும், சுற்றிலும் கடல் தெரிகிற பெரிய திரைகளை ஜன்னல் என்று நினைத்துக்கொண்டு எட்டி எட்டிப் பார்ப்பான்.

"சார், முன்னாடி ஒரு சின்னப் படகு வந்துச்சு. அதான் திருப்பினேன்."

"படகா? எங்க, சார்ட்ல காட்டு பாப்போம்."

சார்ட்டில் படகும் இல்லை, பாய்மரமும் இல்லை. பின்னால் சிரிப்பு கிளம்பியது.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்! இதே பாதையில மத்தவங்க எல்லாரும் நூத்துக்கு நூறு. ஏன், நானே ஓட்டிக் காட்டினேனே, நூறு வரல?"

"வந்துச்சு சார்."

"கருவியை நம்பத் தெரியாதவனைக் கப்பல்ல ஏத்தினா, கம்பெனிக்காரன் என்னைத்தான் காறித் துப்புவான்."

'டிஜிட்டல் கருவிகளுக்குத் தயாராகவில்லை' என்று அறிக்கையில் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். பயிற்சிக் கப்பல் வருஷத்துக்கு ஒன்றுதான் வரும். அதை விட்டால் ஒரு வருஷம் வீட்டில் கிடக்க வேண்டியதுதான். பையன் தொப்பியை எடுத்துக்கொண்டு போனான்.

சாப்பிட்டுவிட்டு வந்த கேப்டனுக்கு ஒரு யோசனை. எப்படி ஓட்டக் கூடாது என்பதற்கு அந்தப் பையன் ஓட்டிய பதிவைவிட நல்ல பாடம் கிடைக்குமா? அடுத்த வகுப்புக்குப் போட்டுக் காட்டலாமே!

காலையில் பக்கத்து அறையில் உட்கார்ந்து சார்ட்டையும் மார்க்கையும் மட்டும்தான் பார்த்திருந்தார். இப்போது பெரிய திரையில் பதிவை ஓடவிட்டார்.

கப்பலின் மூக்குக்கு நேரே ஒரு மரப்படகு. அதில் இரண்டு பேர். ஒருவர் எழுந்து நின்று கையை வீசிக்கொண்டிருந்தார்.

சிக்னல் கருவி இல்லாத படகு சார்ட்டில் வராது. கேப்டனுக்கு இது தெரியாத சங்கதியா? ஆனால் சார்ட்டில் வராததை இடித்தால் மார்க்கும் குறையாது என்பது இப்போதுதான் தெரிந்தது.

நூறு வாங்கிய பிள்ளைகளின் பதிவுகளை ஒவ்வொன்றாகப் போட்டார். அத்தனை பேரும் வளையாமல் நெளியாமல் படகின் மேலேயே போயிருந்தார்கள்.

ஆபீசுக்குப் போன் போட்டார்.

"அறிக்கையை அப்பவே அனுப்பியாச்சே சார். அந்தப் பையன் இடத்துக்கு வேற ஆளும் எடுத்துட்டாங்க. இனிமே ஒண்ணும் செய்ய முடியாது."

அடுத்து பையனுக்குப் போட்டார். பின்னால் பஸ் இரைச்சல் கேட்டது.

"தம்பி, அந்தப் படகை இப்பதான்பா பாத்தேன். அவசரப்பட்டுட்டேன். உன் கப்பல் சான்ஸும் போயிடுச்சு. என்னை மன்னிச்சிடுப்பா."

"ஐயோ, பெரிய வார்த்தை எல்லாம் எதுக்கு சார்."

"உங்க வீட்ல யாராவது மீன் பிடிக்கப் போறாங்களா?"

"இல்ல சார், அப்பா டெய்லர். எத்தனை கருவி இருந்தாலும் ஒரு கண்ணு வெளியில இருக்கணும்னு முதல் நாள் நீங்கதான் சொன்னீங்க."

ஆமாம், சொன்னார். வருஷா வருஷம் சொல்லுகிறார்.

"சார், ஒரு சந்தேகம். கேக்கலாமா?"

"கேளுப்பா."

"நீங்க ஓட்டிக் காட்டினப்போ, அந்தப் படகை எந்தப் பக்கமா ஒதுக்கினீங்க? எனக்கு இடமே கிடைக்கல. அடுத்த தடவைக்காவது கத்துக்கிறேன்."

கேப்டனின் கண் திரைக்குப் போனது. பதிவுகளின் வரிசையில் அவர் பெயருக்குப் பக்கத்திலும் பச்சை எழுத்தில் நூறு என்று இருந்தது.

ஓட்டிக் காட்டிய அன்றைக்கு அவர் எந்தப் படகையும் பார்க்கவில்லை.