பார்க்கத் தெரிந்தவர்

பாலூட்டிகளை முறையாகப் பார்க்கத் தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் மொத்தமே நாற்பது பேர்தான், அதில் தமிழர் ஒருவர்தான், அந்த ஒருவர் தாம்தான் என்றார் கதிரேசன் மச்சான்.

சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரி வார்டின் வாசலில், கண்ணாடிக் கதவு வழியாகத் தன் அப்பாவின் கட்டிலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அவருடைய அப்பா எனக்கு மாமா. ரெங்கசாமி, எழுபத்தொரு வயது. சிங்கப்பூரில், பிடோக் வீட்டுக் குளியலறையில் விழுந்து இன்றோடு ஏழு நாள். கை கால் அசையவில்லை. பேச்சும் இல்லை. மூக்கில் ஒரு குழாய், போர்வைக்குக் கீழே ஒரு குழாய். கண் மட்டும் திறந்திருந்தது.

மாமா விழுந்தபோது மச்சான் சுமத்ராவில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். தபனூலி ஒராங்குட்டானைப் பார்க்க. உலகத்தில் எண்ணூறுக்கும் குறைவாகத்தான் மிச்சமாம். அழிவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்று பத்து நாள் லீவு போட்டுப் போனவர். அட்டை கடித்த கால்களோடு காத்திருந்து, ஆறாம் நாள் ஒன்று கண்ணில் பட்டிருக்கிறது. பதினொரு விநாடி.

"படம் எடுத்தீங்களா, மச்சான்?"

"படம் எடுக்கிறவன் பார்க்கிறதில்ல லா."

மறுநாள் காட்டை விட்டு இறங்கி, லைன் கிடைக்கிற இடத்தில் கைப்பேசியைத் திறந்தால், என் அம்மாவிடமிருந்து மட்டும் அறுபத்து மூன்று அழைப்புகள். இன்று காலைதான் சாங்கி விமான நிலையத்தில் வந்து இறங்கினார். ஒரு வாரத்துத் தாடி, காலணியில் செம்மண். கட்டிலின் கால்மாட்டில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வெளியே வந்தவர்தான். அதற்குப் பிறகு உள்ளே போகவில்லை.

அதனால் குறை ஒன்றும் ஏற்படவில்லை. உள்ளே போகச் சொந்தக்காரர்கள் நிறையப் பேர் இருந்தார்கள்.

ஒரு நேரத்தில் இரண்டு பேருக்குத்தான் அனுமதி. மற்றவர்கள் கீழே பெயரைப் பதிந்துவிட்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். என் அம்மா ஒவ்வொருவராக அழைத்து வந்து காட்டினார். மாமாவின் தங்கை என்பதால் அந்தப் பொறுப்பு யாரும் கொடுக்காமலேயே அம்மாவுக்கு வந்துவிட்டது.

கதவு மூடியிருந்தும் அம்மாவின் குரல் கேட்டது.

"அண்ணே, இங்க பாருங்க. யாரு வந்திருக்கான்னு பாருங்க. நம்ம தெம்பனிஸ் வள்ளிநாயகி."

வள்ளிநாயகி அத்தை முகக்கவசத்தை இறக்கிவிட்டு, மாமாவின் மூக்குக்கு மேலே தன் மூக்கைக் கொண்டுபோனார்.

"என்னைத் தெரியுதா அண்ணே?"

மாமாவின் கண் ஒருமுறை மூடித் திறந்தது.

"தெரியுதாம்! தெரியுதாம்!" என்றார் அம்மா.

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு, நிம்மதியாகக் கீழே மீ கோரெங் சாப்பிடப் போனார். அன்று மதியத்துக்குள் மாமா பதினோரு பேரை அடையாளம் கண்டார். அதில் ஒருவர், தன் வாயாலேயே சொன்னபடி, மாமாவை ஒரே ஒரு கல்யாணப் பந்தியில் சந்தித்தவர்.

மச்சான் என் பக்கம் திரும்பினார்.

"காட்டுக்கு மூணு விதி. பேசக்கூடாது. கிட்ட போகக்கூடாது. மூணாவதுதான் முக்கியம். அது நம்மளப் பார்க்கணும்னு ஆசைப்படக்கூடாது. பார்க்கத் தெரியாதவன்தான் கையத் தட்டுவான், விசில் அடிப்பான், வாழைப்பழத்த ஆட்டுவான். இவங்களப் பாரு. பழம் ஒண்ணுதான் கொண்டு வரல."

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரிப்பார் என்று நினைத்தேன்.

அவர் குரலை இறக்கினார். காலையில் டாக்டர் அவரிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். கண் சிமிட்டுவது தானாக நடப்பது. யார் கேட்டாலும் சிமிட்டும். யாரும் கேட்காவிட்டாலும் சிமிட்டும். அதற்குப் பின்னால் நினைவு என்று எதுவும் இல்லை. இனி வரவும் வராது. இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று.

"உங்கம்மாகிட்ட சொல்லிடாத. அவங்க பாட்டுக்குக் கேட்டுட்டுப் போகட்டும். ஒரு தசை துடிக்குது, அதப் போயி பதில்னு நம்புறாங்க. எல்லாரும் டூரிஸ்ட் லா."

இரண்டு மணிக்குப் பார்வை நேரம் முடிந்தது. அம்மா, வள்ளிநாயகி அத்தை, நான் மூவரும் கீழே தேநீர் குடித்தோம். மச்சான் வரவில்லை. டாக்ஸி வந்த பிறகுதான், சுடுதண்ணீர் பிளாஸ்க்கை மாமாவின் அலமாரி மேலேயே வைத்துவிட்டது அம்மாவுக்கு நினைவு வந்தது. நான் மறுபடியும் மேலே போனேன். ஒரு நிமிடம்தான் என்று சொல்லித் தாதி உள்ளே விட்டார்.

கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது. ஒரு பக்கம் சரியாக மூடவில்லை.

உள்ளே நின்றவரை ஒரு நொடி எனக்கே அடையாளம் தெரியவில்லை. தாடி இல்லை. கீழே கடையில் ரேசர் வாங்கி, சோப்பைப் போட்டு அவசரமாக மழித்திருக்க வேண்டும். தாடையில் இரண்டு இடத்தில் கீறி ரத்தம் கசிந்தது. தாடி இருந்த இடம் மட்டும் வெளுத்து, மச்சானுக்குப் பதினெட்டு வயதுபோல இருந்தது. முகக்கவசம் கையில் கசங்கிக்கொண்டிருந்தது.

ஜன்னல் வெளிச்சம் தன் முகத்தில் விழும்படி ஓர் அடி நகர்ந்தார். குனிந்தார்.

"அப்பா. நான் கதிர்ப்பா. என்னைத் தெரியுதா?"

ஒன்றும் நடக்கவில்லை.

மாமாவின் பார்வை கூரையில் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. மச்சான் இன்னும் குனிந்து, அந்தப் பார்வைக்கும் கூரைக்கும் நடுவில் தன் முகத்தைக் கொண்டுபோய் வைத்தார். காத்திருந்தார்.

மாமாவின் கண் ஒருமுறை மூடித் திறந்தது.

"சரிப்பா," என்றார் மச்சான்.