பச்சை எரியாத போர்ட்

"இன்னிக்கு நீங்க கையக் கட்டிக்கிட்டு நில்லுங்க. புது ஸ்விட்ச்ச இந்தப் பொண்ணே தனியா மாட்டட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார் மேனேஜர்.

கேபிள் அண்ணனுக்கு வயிறு எரிந்தது. பதினோரு வருஷமாக அந்த சர்வர் அறையில் ஒயர்களோடு புரண்டதால் வந்த பட்டப்பெயர் அது. இவள் வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் சர்வர்களையும் டேட்டா சேமிக்கும் பெட்டிகளையும் இணைக்கிற ஸ்டோரேஜ் ஸ்விட்ச்சையே தூக்கிக் கையில் கொடுத்துவிட்டார்கள். கம்பெனி திறக்கப்போகும் புது டேட்டா சென்டரில் அவர் கண் வைத்திருந்த தலைமைப் பதவியும் இவளுக்குத்தான் போல.

'நல்லாத்தான் காக்கா பிடிச்சிருக்கா.'

"அண்ணே, நீங்க பண்றதப் பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டதுதான். தப்பு பண்ணா திட்டுங்க" என்றபடி அவள் ஸ்க்ரூடிரைவர் எடுக்க வெளியே போனாள்.

அந்த ஒரு நிமிஷம் போதுமாக இருந்தது. தட்டில், கேபிளை ஸ்விட்ச்சோடு இணைக்க போர்ட்டில் செருகும் விரல் நீள மாட்யூல்கள் இருந்தன. அவற்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பழைய பெட்டியிலிருந்த வேறு கம்பெனி மாட்யூல்களை வைத்தார். பார்க்க அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கும். ஆனால் இந்த ஸ்விட்ச் தன் கம்பெனிச் சரக்கைத் தவிர வேறெதையும் சேர்த்துக்கொள்ளாது.

அவள் செருகினாள். கேபிளை மாட்டினாள். மஞ்சள் விளக்கு மினுங்கியது. இணைப்பு கிடைத்ததற்கான பச்சை வரவில்லை. முனையைத் துடைத்தாள், போர்ட்டை மாற்றினாள். மறுபடியும் மஞ்சள்.

"அண்ணே, ஒரு தடவ வந்து பாருங்களேன்."

"நான் கை வைக்கக் கூடாதும்மா. மேலிடத்து உத்தரவு."

"கோவமா?"

"சேச்சே. பெரிய ஆளுங்க மேல கோவப்பட நான் யாரு?"

அரை மணி நேரம் கழித்து மேனேஜர் கையில் ஒரு கவரோடு வந்தார்.

"முடியல சார்" என்றாள் அவள், தரையைப் பார்த்தபடி.

"தள்ளிக்கோ." கேபிள் அண்ணன் முதுகால் மறைத்துக்கொண்டு, அவள் செருகியவற்றை உருவிவிட்டுச் சட்டைப் பையிலிருந்த மாட்யூல்களைச் செருகினார். வரிசையாகப் பச்சை எரிந்தது. "இதெல்லாம் அனுபவம் சார். ஆறு மாசத்துல வராது."

"வாஸ்தவம்தான். நீங்க இல்லாம இந்த ரூம் ஓடாது."

கேபிள் அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை.

மேனேஜர் கவரை இரண்டாகக் கிழித்தார். "புது சென்டருக்கு உங்க பேருலதான் ஆர்டர் அடிச்சிருந்தேன். நீங்க போயிட்டா இவ இங்க தனியா சமாளிப்பாளான்னு பாக்கத்தான் இந்தப் பரீட்சையே வச்சேன்."