தங்கக்குழலின் ஒரு சுரம்

ஒரு பழைய சர்ச்சில், வரிசையாக நிற்கும் குழல்களில் காற்று புகுந்து பாடும் குழல் ஆர்கன் இருந்தது. முன்னால் நின்ற தங்கப்பூச்சுக் குழல் வெறும் அழகுக்கு வைத்தது, காற்றே போகாது. ஆனாலும் பாட்டு முடிந்தால் சனங்கள் அதைத்தான் அண்ணாந்து பார்ப்பார்கள். அதுவும் தானே பாடினது மாதிரி நிமிர்ந்து நிற்கும். பாடின ஈயக்குழல்கள் பின்னால் மறைவில் இருக்கும்.

ஆர்கனைப் பழுதுபார்த்துப் பெரிதாக்க வந்த ஆசாரி, தங்கக்குழலுக்கும் வாய் வெட்டிக் காற்று விட்டார்.

"இனி முழுப்பாட்டும் நான்தாம்லே," என்றது அது.

"ஒரு குழலுக்கு ஒரு சுரம்தான் அண்ணாச்சி. அது வர்ற வரைக்கும் காத்துக் கிடக்கணும்," என்றது பின்னால் இருந்த ஓர் ஈயக்குழல்.

ஞாயிறு ஆராதனையில் மூன்று பாட்டு போயிற்று, அதன் சுரம் வரவில்லை. நாலாவதில் ஒரே ஒரு தடவை வந்தது.

பாட்டு முடிந்து சனங்கள் வழக்கம்போல் அண்ணாந்து பார்த்தார்கள். தங்கக்குழல் அதைக் கவனிக்கவில்லை. பின்னால் இருந்த அந்த ஈயக்குழலிடம் மெல்லக் கேட்டது:

"சரியா இருந்துச்சாலே?"